ஸ்க்ராட்ச் தளம்: ஒன்றரை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஓர் அம்மா எழுதுவது

என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை வருஷமாக ஸ்க்ராட்ச் என்ற இணையதளத்தில் கதை, விளையாட்டு, அசையும் படம் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாள். பள்ளி வாசலில் நிற்கும்போதும் சரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் சரி, யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள்: “பிள்ளை கையில நெட்டைக் கொடுத்திருக்கீங்களே, பயமா இல்லையா?” பயமாகத்தான் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. இந்தத் தளம் அந்தப் பயத்தை எந்த இடத்தில் குறைத்தது, எந்த இடத்தில் குறைக்கவில்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் இந்தத் தளத்தில் இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்களைக் கவனித்தேன் என்று புரியும். இலவச வகுப்பு என்று விளம்பரம் பார்த்து ஒரு கற்றல் செயலியை என் ஃபோனில் போட்டோம். பெயர் வேண்டாம். பாடத்தைத் திறப்பதற்கு முன்பே பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர், என் நம்பர் எல்லாவற்றையும் கேட்டது. நானும் யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஃபோன் வந்துவிட்டது. மகள் பெயரைச் சொல்லி, “பாப்பா கணக்குல கொஞ்சம் வீக்கா இருக்காங்க மேடம், இப்பவே சேர்த்துட்டா நல்லது” என்கிறார்கள். அவள் அதில் ஒரு கணக்குகூட இன்னும் போடவில்லை. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள், வேறு வேறு நம்பரில் இருந்து, இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அழைப்பு. ஒரு நாள் என் மகளே எடுத்துப் பேசிவிட்டாள், அந்தப் பக்கம் இருந்தவர் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று அவளிடம் கேட்டிருக்கிறார், அவளும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் பிள்ளைகள் என்றே எடுத்துக்கொண்டு, அவர்கள் விவரத்தை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சம்மதத்தை ஒரு நிமிஷத்தில் கொடுத்தது நான்தான் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அதனால் என் அண்ணன் மகன் வந்து, “அத்தை, எங்க ஸ்கூல்ல ஸ்க்ராட்ச்னு ஒண்ணு சொல்லித் தராங்க, பாப்பாவுக்கும் போட்டுக் கொடுங்க” என்றபோது நான் முதலில் கேட்டது, “அது என்னென்ன கேட்கும்?” என்பதுதான்.

ஸ்க்ராட்ச் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்ற பேராசிரியரின் குழு செய்தது, 2007-இல் வெளியானது. இப்போது இருப்பது மூன்றாம் பதிப்பு, 2019 ஜனவரியில் வந்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. 8 வயதிலிருந்து 16 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தது என்றாலும் பெரியவர்களும் பயன்படுத்துகிறார்கள், ஹார்வர்டில் கம்ப்யூட்டர் அறிமுக வகுப்பைக்கூட இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளைகளை, அதாவது புரோகிராமை, எழுத்தாக அடிக்க வேண்டியதில்லை. ‘பத்து அடி நகர்’, ‘திரும்பத் திரும்பச் செய்’, ‘இது அதைத் தொட்டால்’ என்பவையெல்லாம் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் போதும். பச்சைக் கொடியை அழுத்தினால் ஓடும். முதல் நாள் ஒரு ஆரஞ்சுப் பூனை நிற்கும், அதை நடக்க வைத்த அந்த ஐந்து நிமிஷத்திலேயே என் மகள் விழுந்துவிட்டாள்.

சரி, கணக்கு தொடங்குவதற்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பயனர் பெயர் கேட்கும் இடத்திலேயே உண்மைப் பெயரைப் போடாதே என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் எந்த நாடு, பிறந்த மாதம், பிறந்த வருஷம், ஒரு மெயில். பிள்ளை 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் மெயிலைக் கேட்கிறது, அந்த மெயிலுக்குப் போய் உறுதி செய்தால்தான் செய்ததை வெளியே போடவும் கமெண்ட் எழுதவும் முடியும். ஃபோன் நம்பர் கேட்கவில்லை. பள்ளிப் பெயர் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் எங்களுக்கு ஒரு விற்பனை அழைப்புகூட இதனால் வரவில்லை. என் மகள் தன் பெயருக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று ஒரு முழு மாலை யோசித்தாள், கடைசியில் ஒரு பறவையின் பெயரும் ஒரு எண்ணும் சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறந்த தேதியையோ வீட்டு நம்பரையோ எண்ணாக வைக்கக் கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். “ஏம்மா?” என்றாள். செயலிக்காரர்கள் ஃபோன் செய்ததை நினைவுபடுத்தினேன், உடனே புரிந்துகொண்டாள்.

தளத்தில் தனிச்செய்தி அனுப்பும் வசதியே இல்லை. இதை நான் இரண்டு முறை படித்து, அண்ணன் மகனிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். யாரோ ஒருவர் என் பிள்ளையிடம் ரகசியமாகப் பேசுவதற்கு அங்கே இடமில்லை, எழுதுகிற எல்லாமே எல்லோர் கண்ணிலும் படும் கமெண்டாகத்தான் வரும். கெட்ட வார்த்தை இருந்தால் வடிகட்டி நிறுத்திவிடுகிறது, ஒவ்வொரு கமெண்டுக்குப் பக்கத்திலும் புகார் செய்ய ரிப்போர்ட் பட்டன் இருக்கிறது, அதைப் பார்ப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் தன் பக்கத்திலோ, ஒரு குறிப்பிட்ட படைப்பிலோ கமெண்ட் பகுதியையே மூடி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் முதல் மூன்று மாதம் மூடித்தான் வைத்திருந்தோம்.

ஆனாலும் தளம் எவ்வளவு செய்தாலும் பிள்ளை ஒரு வரியில் எல்லாவற்றையும் திறந்துவிட முடியும், அதுவும் எங்கள் வீட்டில் நடந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நீர்ச் சுழற்சியை அசையும் படமாகச் செய்திருந்தாள். சூரியன், ஆவி, மேகம், மழை எல்லாம் அழகாக வந்திருந்தது. படைப்புக்குப் பக்கத்தில் ‘குறிப்புகளும் நன்றியும்’ எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கும், அதில் பெருமையாகத் தன் முழுப் பெயர், வகுப்புப் பிரிவு, பள்ளி, ஊர், வழிகாட்டிய டீச்சர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வெளியே போட்டுவிட்டாள். நோட்டுப் புத்தகத்து அட்டையில் எழுதுகிற பழக்கம்தானே, அவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. ராத்திரி நான் தற்செயலாகப் பார்த்தேன். சத்தம் போடலாம் என்று வாய் வரை வந்தது, நல்லவேளை போடவில்லை. தளத்தின் சமூக விதிகள் பக்கத்தைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். குடும்பப் பெயர், முகவரி, ஊர், பள்ளிப் பெயர், மெயில், ஃபோன் நம்பர், மற்ற சமூக வலைத்தளப் பெயர்கள் இவற்றையெல்லாம் போடக் கூடாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. அவளே படித்து, அவளே ஒவ்வொன்றாக அழித்தாள். டீச்சர் பெயரை அழிக்கத்தான் அவளுக்கு மனசே வரவில்லை. “அவங்களுக்கு நன்றி சொல்லணும்ல?” என்றாள். ‘என் அறிவியல் ஆசிரியைக்கு நன்றி’ என்று மாற்றி எழுதினோம். அடுத்த நாள் நேரில் போய் டீச்சரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இன்னொரு சம்பவம் என் அண்ணன் மகனுடையது, அவனுக்கு 13 வயது. இந்தத் தளத்தை மற்றவர்களுக்கு நான் சொல்வதற்கு அதுதான் பெரிய காரணம்.

ஸ்க்ராட்ச்சில் யார் வெளியிட்டதையும் ‘உள்ளே பார்’ என்று ஒரு பட்டனை அழுத்தித் திறந்து, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கட்டையாகப் பார்க்கலாம். ரீமிக்ஸ் என்று அழுத்தினால் அதன் ஒரு பிரதி நம் கணக்குக்கு வந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம், நம் பெயரில் வெளியிடலாம், ஆனால் மேலே மூலத்தைச் செய்தவருக்கு நன்றி என்று தளமே ஒரு வரி போட்டுவிடும். இங்கே வெளியாகிற எல்லாமே இப்படிப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வருகிறது, நிபந்தனை இரண்டுதான், யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், நாம் செய்ததையும் அதே மாதிரி மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஸ்க்ராட்ச் என்ற பெயரே, இசைத்தட்டைக் கையால் தேய்த்துப் பழைய பாட்டிலிருந்து புது ஒலி எடுப்பார்களே, அதிலிருந்து வந்ததுதான்.

அண்ணன் மகன் ஒரு கார் பந்தய விளையாட்டைப் பார்த்து மயங்கிவிட்டான். ரீமிக்ஸ் செய்தால் மேலே அடுத்தவர் பெயர் வந்துவிடுகிறதே என்று, அதைக் கணினியில் கோப்பாக இறக்கி, புதுப் படைப்பு மாதிரித் திரும்ப ஏற்றி, காரின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தானே செய்ததாகப் போட்டான். பள்ளியில் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு நாளில் அந்த மூலத்தைச் செய்த பிள்ளையே வந்து கீழே எழுதியிருந்தது, ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல்: ‘இது என்னுடையது மாதிரி இருக்கிறது. இதைச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. ரீமிக்ஸ் செய்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.’

அவன் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான், அண்ணனிடம் போகவில்லை. முகம் சிவந்திருந்தது. “அத்தை, அழிச்சிடவா?” என்றான். அழித்தால் தப்பிக்கலாம்தான். என்ன செய்யலாம் என்று அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் அந்தப் படைப்பை நீக்கிவிட்டு, மூலத்துக்குப் போய் முறையாக ரீமிக்ஸ் செய்து, நிறம் மட்டுமல்லாமல் மழை பெய்கிற மாதிரி ஒரு புது ஓடுபாதையையும் சேர்த்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் மன்னிப்பு எழுதினான். அதற்கு நாலு நாள் உழைத்தான். மழையில் கார் வழுக்குவதற்கு உராய்வை எப்படிக் குறைப்பது என்று தலையை உடைத்துக்கொண்டது அந்த நாலு நாளில்தான். அந்தப் பிள்ளை மழைப் பாதைக்கு ஓர் இதயம் போட்டிருந்தது.

பள்ளியில் புராஜெக்ட் என்றால் நெட்டில் தேடிப் படம் எடுத்து ஒட்டி, நாலு பத்தி அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். நாமும் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைத்தான் செய்து கொடுக்கிறோம். அடுத்தவர் செய்ததை எடுக்கலாம், ஆனால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பதை நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் அவனுக்கு இவ்வளவு இறங்கியிருக்காது. எதிரில் தன் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, அது மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்ததும் இறங்கிவிட்டது. இப்போது அறிவியல் புராஜெக்டிலும் கடைசிப் பக்கத்தில் எந்தப் படம் எங்கிருந்து என்று எழுதுகிறான், யாரும் கேட்காமலே.

படிப்புக்கு உண்மையில் உதவுகிறதா என்று கேட்பவர்களுக்காக என் மகளின் பல்லாங்குழியைச் சொல்கிறேன்.

என் அம்மாவோடு, அதாவது அவளுடைய ஆயாவோடு, லீவில் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடுவாள். அதை ஸ்க்ராட்ச்சில் செய்யலாம் என்று இறங்கினாள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, 14 குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70 கொட்டை. முதலில் 14 குழிக்கு 14 தனித்தனிப் பெயர் வைத்து எழுத ஆரம்பித்தாள், இரண்டு நாளில் திரை முழுக்கக் கட்டைகளாகி எது எதுவென்று அவளுக்கே தெரியாமல் போனது. யாரோ செய்த வேறொரு பலகை விளையாட்டை ‘உள்ளே பார்’ போட்டுப் பார்த்தாள், அதில் பட்டியல் என்று ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். 14 குழியையும் ஒரே பட்டியலில் வரிசையாக வைத்துவிட்டால் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம் என்று கண்டுபிடித்தாள்.

அப்புறம் மாட்டிக்கொண்டது 14-ஆம் குழியில். கொட்டையைப் போட்டுக்கொண்டே போகிறோம், 14 முடிந்தால் திரும்ப ஒன்றுக்கு வர வேண்டும், இவளுடைய விளையாட்டோ 15-ஆம் குழியைத் தேடிக்கொண்டு நின்றுவிடும். ‘14-ஐத் தாண்டினால் 1’ என்று ஒரு நிபந்தனை போட்டுச் சமாளித்தாள். பிறகு கமெண்டில் ஒரு பிள்ளை, வகுத்தால் வரும் மீதியைப் பயன்படுத்திப் பார் என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தது. என் மகள் தரையில் சாக்பீஸால் 1-லிருந்து 14 வரை எழுதி உட்கார்ந்துவிட்டாள். இப்போது இருக்கும் குழி எண்ணை 14-ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த குழி. 5 என்றால் மீதி 5, ஒன்று கூட்டினால் 6. 14 என்றால் மீதி 0, ஒன்று கூட்டினால் 1. “அம்மா, அதுவே சுத்திச் சுத்தி வருதும்மா” என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாள். மீதி என்பது வகுத்தல் கணக்கின் ஓரத்தில் எழுதிவிட்டு மறந்துவிடுகிற ஒரு எண்ணாகத்தான் எனக்கு இத்தனை வருஷம் இருந்தது. கடிகாரத்தில் 12-க்கு அடுத்து 1 வருவதும் இதே விஷயம்தானே என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்துவிட்டால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர் ஆட்டம். அதை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று இரண்டு நாள் திணறி, கடைசியில் ‘பசு’ என்று தமிழ் எழுத்திலேயே திரையில் தோன்றுகிற மாதிரி வைத்து, கீழே ஒரு வரியில் விளக்கம் எழுதினாள். பாத்திரங்கள் பேசுகிற வசனத்தைத் தமிழில் அடித்தால் அப்படியே வருகிறது, எண்ணையோ சொல்லையோ போட்டு வைக்கிற பெட்டி மாதிரியான மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைப் போட்ட சில நாளில் பிலிப்பைன்ஸில் இருந்து ஒரு பிள்ளை வந்து, எங்கள் ஊரில் இதற்கு சுங்கா என்று பெயர், எங்களுக்கும் ஏழு ஏழு குழி, ஆனால் இரண்டு ஓரத்திலும் பெரிய குழி ஒன்று உண்டு என்று எழுதியிருந்தது. அதற்கு என் மகள் ஆங்கிலத்தில் பதில் எழுதினாள். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் அகராதி பார்த்து, மூன்று முறை அடித்துத் திருத்தி. பரீட்சைக்குக்கூட அவள் அப்படித் திருத்தியதில்லை. ஆயாவிடம் போய் ஓரத்தில் பெரிய குழி வைத்து ஆடுவார்களாம் என்று சொன்னபோது என் அம்மா முகத்தில் வந்த ஆச்சரியம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்.

செய்ததை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை இதயம், எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கை எல்லாம் இங்கேயும் இருக்கிறது. படிப்பதற்கான தளம் என்றாலும் பிள்ளை மனசு அந்த எண்ணில் போய் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் ஒரு மாதம் என் மகள் புதிதாக எதுவும் செய்யாமல், காலையில் எழுந்ததும் எத்தனை இதயம் என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தாள். ‘என்னைப் பின்தொடர், நான் உன்னைப் பின்தொடர்கிறேன்’ என்று எழுதுகிற பிள்ளைகளும் நிறைய. இதற்குத் தளத்தில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நாங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம், புதிதாக ஒன்றைச் செய்து சேமித்த பிறகுதான் பழையதன் பக்கத்தைத் திறக்கலாம். கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

இரண்டாவது, முகப்புப் பக்கத்தில் மற்றவர்கள் செய்த விளையாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்த பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்திருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியும், செய்கிறபோது பிள்ளை அடிக்கடி நிமிர்ந்து யோசிக்கும், யாரையாவது கூப்பிட்டுக் காட்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் லேப்டாப்பைக் கூடத்தில்தான் வைத்திருக்கிறோம், திரை எங்கள் பக்கம் பார்த்த மாதிரி.

மூன்றாவது, ஃபோனில் மற்றவர்கள் செய்ததைப் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து செய்வதற்குச் சின்னத் திரை தோதுப்படாது. கணினியோ டேப்லெட்டோ வேண்டும். எல்லார் வீட்டிலும் அது இருக்காது என்பது எனக்குத் தெரியும், நாங்களே சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றைத்தான் வாங்கி வந்தோம். இதற்கு அவ்வளவு வேகமான கணினி தேவையில்லை. இணையம் சரியாக இல்லாத ஊர் என்றால் தளத்திலேயே செயலியாக இறக்கிக்கொண்டு நெட் இல்லாமலே செய்யலாம், அதற்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆறு மாதம் அப்படியே நெட் இல்லாமல் பழகட்டும், வெளியே போடுவது, கமெண்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஐந்திலிருந்து ஏழு வயது என்றால் ஸ்க்ராட்ச் ஜூனியர் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

கமெண்டில் பேசும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் தயக்கமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் பத்து நாளில் கட்டைகளின் பெயர் பழகிவிடும், நானே பழகிவிட்டேன்.

பாஸ்வேர்டு விஷயம் ஒன்று. பிள்ளைகள் நெருங்கிய தோழி என்றால் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார்கள், அதை நட்பின் அடையாளமாகவே நினைக்கிறார்கள். என் மகளும் சொல்லியிருந்தாள். அந்தத் தோழி கெட்டது எதுவும் செய்யவில்லை, ஆனால் என் மகள் பாதி செய்து வைத்திருந்த ஒன்றைத் திறந்து, விளையாட்டாக எதையோ மாற்றிச் சேமித்துவிட்டாள். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாற்றிய பாஸ்வேர்டு இப்போது என் டைரியிலும் அவள் தலையிலும் மட்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் இன்னும் ஒன்றிரண்டு உண்டு. முகம் தெரிகிற படமோ சொந்தக் குரலோ வெளியே போடுவதில்லை. மைக்கில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, வீட்டுக்குள் மட்டும் விளையாடிக்கொள்ளலாம். வேறு எந்த இடத்துக்காவது வா, அங்கே பேசலாம் என்று யார் கூப்பிட்டாலும், அது எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், பதில் எழுதாமல் ரிப்போர்ட் அழுத்திவிட்டு என்னிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் லேப்டாப்பைப் பிடுங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், இதுவரை காப்பாற்றியும் வருகிறேன். பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். நம் கை மீறிப் போகிற விஷயம் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. இரண்டையும் அவள் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம்: ஆசிரியர் கணக்கு என்று தனியாக ஒன்று கேட்டு வாங்கலாம். அதில் ஒரு வகுப்பை உருவாக்கி, பிள்ளைகளின் மெயில் இல்லாமலே மாணவர் கணக்குகளைத் தொடங்கலாம், பாஸ்வேர்டு மறந்தால் நீங்களே மாற்றித் தரலாம். பிள்ளைகள் செய்வது உங்கள் கண்ணிலேயே இருக்கும். பள்ளியில் கணினி அறை இருந்தும் வாரத்துக்கு ஒரு நாள் படம் வரைய மட்டும் திறக்கிற பள்ளிகள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து இதைப் போட்டுப் பாருங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அந்த இதயக் கணக்குக்காக. ஆனால் ஒன்று, நீங்கள் பக்கத்தில் இருக்க முடியாது, லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்றால், நெட்டில் கணக்குத் தொடங்காமல் இறக்கிக்கொண்ட செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார முடியும் என்றால் கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள்.

இப்போது அவள் பல்லாங்குழியில் ஓரத்துப் பெரிய குழியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். குறிப்புப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறாள் என்று நேற்றுப் பார்த்தேன். பட்டியல் யோசனை எந்த விளையாட்டிலிருந்து, மீதிக் குறிப்பு யாருடையது, பெரிய குழி யார் சொன்னது என்று மூன்று பேரின் பயனர் பெயர், அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: ‘பசு விதி என் ஆயா சொன்னது’. ஆயாவின் பெயரைப் போடவில்லை.